முடிச்சிடாத ஏடு

ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அரிய சுவடிப் பிரிவுக்கு ஓர் ஏட்டுக்கட்டு வந்து சேர்ந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். இது யார் கையிலிருந்து வந்தது? அவர் கைக்கு எப்படி வந்தது? பதில் ஓர் இடத்தில் அறுந்துபோனால், அறுந்த இடத்தையும் எழுதிவைப்பார்கள். ஏட்டுக்குள் இருப்பது கட்டுக்கதையாக இருக்கலாம். அது வந்த வழி கட்டுக்கதையாக இருக்கக் கூடாது. இது அந்தத் தொழிலின் ஒழுங்கு. புக்கிட் செராய் தோட்டத்துத் தாயம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த ஒழுங்கை அவள் தன் வாழ்நாளில் இரண்டே தடவைதான் கண்ணால் பார்த்தாள். பார்த்ததை மறக்கவில்லை.

மலாயாவில், பெடாஸைத் தாண்டி ரெம்பாவுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே இறங்கும் செம்மண் பாதையில் அந்தத் தோட்டம் இருந்தது. தாயம்மாவுக்கு வேலை புகைக்கொட்டகையில். மற்றப் பெண்கள் பால்மரம் வெட்டப் போவார்கள். அவள் உருளையில் நசுக்கி எடுத்த ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு அடுக்கி, நெருப்பைக் காப்பாள். தீ எழுந்தால் ஷீட்டு இளகி ஒழுகும். புகை நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நாள்கணக்காக நெருப்பை அடக்கிவைப்பதுதான் வேலை. அவளுக்கு அது நன்றாக வந்தது. தோட்டத்தில் அவளை யாரும் கோபக்காரி என்று சொன்னதில்லை.

அவள் புருஷன் முனியாண்டி பால்மரம் வெட்டுகிறவன். தோட்டத்து எல்லையம்மன் கோவிலின் ஏடு அவன் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. அவன் தகப்பன் கப்பலேறியபோது இடுப்புத்துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த பனையோலைக் கட்டு அது. அம்மனின் கதை முழுவதும் அதில் பாட்டாக இருந்தது. திருவிழா முடிந்ததும் ஏட்டுக்குச் செராய் என்ற எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, சிவப்புத் துணியில் சுற்றி, புகைக்கொட்டகையின் மேல்பரணில் தொங்கவிடுவார்கள். ரப்பருக்குப் போட்ட புகையே பூச்சியையும் ஈரத்தையும் ஓலையிடம் நெருங்கவிடாது. வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொள்வது தாயம்மா. எடுத்துப் படிப்பது முனியாண்டி.

ஆடித் திருவிழாவில் காப்புக் கட்டியதும் ஏட்டைப் பிரிப்பார்கள். காப்புக் கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஏடு படிக்கிறவனுக்கு இன்னும் கடுமை. அவன் வீட்டுக்கு வரக் கூடாது, பெண்டாட்டி முகம் பார்க்கக் கூடாது, மஞ்சள் வேட்டியோடு கோவிலிலேயே படுக்க வேண்டும். தினம் ஒரு பகுதியாகப் படித்து, கடைசி நாளில் கதை முடிந்த பிறகுதான் ஏட்டைக் கயிறு சுற்றி முடிச்சிடலாம். அதற்குப் பிறகுதான் காப்பு அவிழும். பாதியில் நின்ற ஏட்டை முடிச்சிடக் கூடாது. காப்பு அவிழாத தோட்டத்தில் கல்யாணம் காட்சி எதுவும் நடத்தக் கூடாது. பாதியில் நின்றால் என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை. நின்றதே இல்லை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடத்து ஆடியில் நின்றது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு லாரி வந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தைக் கணக்கெழுதும் இராஜமாணிக்கம் கிராணிதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முறை வந்த உத்தரவு, குடும்பம் இல்லாத ஆண்களை முதலில் அனுப்ப வேண்டும் என்பது. அப்படிப் பார்த்தால் கண்ணில் படுகிற முதல் ஆள் கிராணியின் மைத்துனன் சந்திரன். கல்யாணமாகாதவன், கிராணி வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்திருந்தவன். பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி எண்ணியபோது ஓர் ஆள் குறைந்தது. சிப்பாய் சந்திரனைப் பார்த்தான். கிராணி கோவில் பக்கம் கையைக் காட்டினார்.

நடந்ததைத் தாயம்மாவுக்குச் சொன்னவள் பக்கத்து லயத்து வரிசைவீட்டுச் செல்லம்மா. அவள் களத்தில் நின்று முழுவதையும் பார்த்திருந்தாள்.

"கோவில்ல ஒருத்தன் கெடக்கான், சாமியாரு, குடும்பம் குட்டி கெடையாதுன்னு இங்கிலீஷ்ல சொல்றாரு அந்தாளு. எனக்குப் புரியாதுன்னு நெனப்பு. 'நோ பேமிலி, நோ பேமிலி'ன்னா எனக்குத் தெரியாதா? நாங்கூட கத்துனேன்டி. சிப்பாயி துப்பாக்கிக் கட்டயால இங்க இடிச்சான், பாரு."

"எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலயா?"

"என்னத்தச் சொல்றது? கைல காப்போட ஏட்டுக்கு முன்னால உக்காந்திருந்த மனுசன். எல்ல தாண்டக் கூடாது, எல்ல தாண்டக் கூடாதுன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. தூக்கி லாரில போட்டானுங்க."

தாயம்மா புகைக்கொட்டகையிலிருந்து ஓடி வந்தபோது செம்மண் பாதையில் லாரியின் தூசிகூட அடங்கிவிட்டிருந்தது. கோவிலுக்குப் போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏடு திறந்தபடி கிடந்தது. எந்த ஓலையில் நிறுத்தினானோ அந்த ஓலையின் மேல் படிக்கும் குச்சி கிடந்தது. அவள் ஓலைகளை வரிசை கலையாமல் மேலும் கீழும் பலகை வைத்துச் சேர்த்தாள். குச்சியை அதே இடத்தில் செருகினாள். கயிற்றைச் சுற்றவில்லை. தளர்வாகத் துணியில் பொதிந்து, கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பரணில் ஏற்றிவைத்துவிட்டு, கீழே அணையப்போன நெருப்புக்கு விறகு தள்ளினாள்.

அதற்குப் பிறகு தோட்டம் முழுவதும் ஒரு கட்டுக்குள் மாட்டிக்கொண்டது. லெட்சுமி என்ற பெண்ணுக்குப் பேசிவைத்த கல்யாணம் நின்றது. கடைசி ஓலைகளை யாராவது படித்து முடித்துவிட்டால் என்ன என்று பெரியவர்கள் சிலர் வந்து கேட்டார்கள். லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் ஏடு படிக்கத் தெரிந்த ஆள் இருப்பதாகவும் சொன்னார்கள். தாயம்மா மறுத்தாள்.

"பிரிச்சவரு வந்து முடிப்பாரு."

செல்லம்மாவுக்கு மட்டும்தான் அவளிடம் விளையாட்டாகப் பேசும் உரிமை இருந்தது. "ஏண்டி, அம்மா கதயில புருசனப் பறிகொடுத்து அழுவுற எடத்துல நிறுத்தி வெச்சிருக்க. அவ எழுந்து கோவப்படுறது அடுத்த நாளு. இன்னும் எத்தன நாளக்கிடி அவள அழ வெக்கப்போற?"

தாயம்மா சிரித்தாள். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது. முனியாண்டி வருவான் என்று நம்பியிருந்தாள்.

அடுத்த வருடம் செரம்பானிலிருந்து தொழிலாளர் கணக்கைப் பார்க்க ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், தடித்த கண்ணாடி. தோட்டத்து ஜனங்கள் கண்ணாடித் தொர என்று பெயர் வைத்தார்கள். சத்தம் போட மாட்டார். போருக்கு முன்னால் தம் நாட்டில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய சுவடிகளைப் பாதுகாக்கும் பிரிவில் இருந்தவர் என்று கிராணி எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். ஆள் எண்ணப் போகிற இடமெல்லாம் அந்த அதிகாரி பழைய எழுத்து இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, தம் நூலகத்துக்கு அனுப்பச் சேர்த்து வைத்திருந்தார். சயாமுக்கு ஆள் அனுப்பும் கையும் சுவடியைத் துணியில் சுற்றும் கையும் ஒன்றுதான்.

அவரைக் குளிரவைக்க நினைத்த கிராணி எங்கிருந்தோ சில பழைய ஜாதக ஓலைகளைக் கொண்டுவந்து ஆபீஸ் மேசையில் வைத்தார். அந்த நேரத்தில் தாயம்மா ஷீட்டுக் கட்டை எடை போட அதே அறையில் இறக்கிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் பேச்சு அவளுக்கு விளங்கவில்லை. பார்த்தது விளங்கியது. அதிகாரி ஓலையைத் தொடாமல் ஒரு துண்டுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். கிராணி ஏதோ சொன்னார். எழுதினார். மறுபடி கேட்டார். கிராணி யோசித்துச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது கிராணி தடுமாறினார். அதிகாரி எழுதியதைக் கிழித்தார். ஓலைகளை ஒற்றை விரலால் மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டார்.

வெளியே வந்ததும் ஆபீஸ் கூட்டுகிற முத்தாயியிடம் தாயம்மா கேட்டாள். "என்னக்கா ஆச்சு?"

"யாரு குடுத்தான்னு கேட்டாராம். இவரு தன் தாத்தாதுன்னாரு, அப்பறம் ஊர்லேர்ந்து வந்ததுன்னாரு. கத மாறுனா அந்த மனுசன் கையாலயே தொட மாட்டாராம். பொய்யக் கண்டா அவருக்கு மலத்தக் கண்ட மாதிரி லா."

அன்று தோற்றுப்போன கிராணி அதிகாரியிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். தம் தோட்டத்துக் கோவிலில் முழு ஏட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது, அடுத்த வருகையில் தருகிறேன் என்றார். தோட்டங்களிலிருந்து கிராணிகளையும் சயாம் முகாம்களுக்குக் கணக்கு எழுத அழைத்துப்போகும் காலம் அது. அதிகாரியின் தயவில் செரம்பானில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

சில நாளில் அவர் புகைக்கொட்டகைக்கு வந்தார். அந்தக் கொட்டகைக்குள் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"தாயம்மா, நல்லாருக்கியா? கெழங்கு கெடைக்குதா?"

"கெடைக்குதுங்கய்யா."

"அந்த ஏடு உங்கிட்டதான இருக்கு?"

அவள் விறகைத் தள்ளினாள்.

"பாரு, ஒளிவு மறைவு வேணாம். கண்ணாடித் தொர அதக் கேக்குறாரு. பெரிய யூனிவர்சிட்டிக்குப் போவுது, கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெப்பாங்க. அவரு கையில பெரிய பவர் இருக்கு. சயாம்லேர்ந்து ஒரு ஆளத் திருப்பி வரவழைக்கணும்னா அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீ ஏட்டக் குடு, நான் முனியாண்டி பேரச் சொல்றேன். அடுத்த மாசம் ஒம் புருசன் ஒன் வாசல்ல நிப்பான்."

"நெசமாவா சொல்றீங்க?"

"எம் புள்ள மேல சத்தியம். உயிரோட இருக்குறவனக் கூட்டியாறது என்ன கஷ்டம்?"

கிராணி போன பிறகு தாயம்மா பரணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புருஷனைக் கொண்டுபோனவனே திருப்பித் தருகிறேன் என்கிறான். இருந்தாலும் முனியாண்டி வந்து குச்சி செருகிய ஓலையிலிருந்து படித்து முடித்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், பிறகு ஏடு யாரிடம் போனால் என்ன என்று அவள் மனம் இறங்கிவந்தது. கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

ஆனால் எந்த முகாமில் இருக்கிறான் என்று சொன்னால்தானே கூப்பிட முடியும்? செரம்பானில் லோபாக் பக்கம் ஆம்புரோஸ் என்று ஒருவன் சயாமிலிருந்து தப்பி வந்து சொந்தக்காரர் வீட்டில் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அவனும் முனியாண்டி ஏறிய அதே லாரியில் பெடாஸில் ஏற்றப்பட்டவன். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப்போன லாரியில் கெஞ்சி ஏறி அவள் லோபாக்குக்குப் போனாள்.

ஆம்புரோஸ் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். கால் புண்ணில் வேப்பிலை வைத்துக் கட்டியிருந்தது. முனியாண்டியின் பெண்டாட்டி என்று அவள் சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படுங்க தம்பி. அவரு எந்தக் கேம்ப்புல இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. கிராணியாரு பேசி வரவழைக்கிறேன்னு சொல்லிருக்காரு."

அவன் அவளையே பார்த்தான். "எந்தக் கிராணியாருக்கா?"

"எங்க கிராணியாருதான். இராஜமாணிக்கம்."

"அவருட்டயா? அக்கா, நான் வந்த வாரமே பெடாஸ் கடயில அவரப் பாத்துச் சொல்லிட்டனே. முனியாண்டி அண்ணன் போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சுக்கா. மொத மழயிலயே, காலரா. வீட்டுல நானே பக்குவமா சொல்லிக்கிறேன், நீ யாருட்டயும் வாயத் தொறக்காதன்னாரு."

தாயம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள். "கடேசில எதாச்சும் சொன்னாரா?"

சொல்வதா வேண்டாமா என்று அவன் தயங்கினான். "கையில மஞ்சக் கயிறு ஒண்ணு கட்டியிருந்தாருக்கா. நஞ்சு ஊத்துன மாதிரி கையி வீங்கிப்போச்சு. அறுத்துருங்கண்ணேன்னோம். விடவே மாட்டேனுட்டாரு. காப்போட எல்ல தாண்டிட்டேன், அம்மா தண்டிக்கிறா, எம்மேலதான் தப்புன்னு சொல்லிக்கிட்டேதான் போனாரு."

முனியாண்டி செத்ததைக் கேட்டபோது வராத அழுகை அப்போதும் வரவில்லை. உயிரை எடுத்தது போதாமல், குற்றவாளி தானே என்று நம்பிச் சாகும்படி அவனை விட்டிருந்தார்கள். குற்றம் செய்தவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செத்தவனைக் கூட்டிவருகிறேன் என்று பிள்ளை மேல் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தான். திரும்பும் லாரியில் காலியான கிழங்குச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து அவள் யோசித்தாள். வெட்டுக்கத்தி இருந்தது. நெருப்பு இருந்தது. ஜப்பான்காரனோடு மறைந்திருந்து சண்டை போடும் காட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவை ஒவ்வொன்றிலும் கிராணி ஒரே நொடியில் போய்விடுவான். எங்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டு, எல்லையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டு அவன் போக வேண்டும். லாரி பெடாஸை நெருங்கும்போது, ஆபீஸ் மேசையில் ஓலையைத் தள்ளிவிட்ட ஒற்றை விரல் அவள் நினைவுக்கு வந்தது.

மறுநாளே கிராணியைப் பார்த்தாள். தாலியைக் கழற்றவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, செல்லம்மாவிடம்கூட.

"ஏட்டத் தர்றேங்கய்யா. ஆனா அம்மன் ஏடு. கோவில்ல வெச்சு எங் கையாலதான் குடுக்கணும்."

"அதுக்கென்ன, குடேன்." கிராணிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "ஆனா ஒண்ணு. நீ வாயத் தொறந்து ஒண்ணும் பேசாத. தொர கேக்குறதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். புரியுதா?"

"நான் என்னத்தப் பேசப்போறேன்? எனக்கு இங்கிலீஷு தெரியுமா?"

இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் ரெம்பா மலாய்ச் சனங்களிடம் கிழங்குக்கும் உப்புக்கும் பேரம் பேசிப் பழகிய பசார் மலாய் அவளுக்குத் தெரியும். அதிகாரியின் காரோட்டி ஒரு மலாய்க்காரன். அவனிடம் அதிகாரி அந்த மொழியில்தான் பேசுவார். கார் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அதை அவள் கேட்டிருந்தாள்.

அதிகாரி வந்த அன்று பெரட்டு முடிந்து எல்லாரும் கோவில் முன்னால் நின்றார்கள். அம்மன் ஏடு ஜப்பானுக்குப் போகிறது என்ற செய்தி பரவியிருந்தது. செல்லம்மா தாயம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏண்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பாதிப் படிச்ச ஏட்ட எவன்ட்டயோ குடுக்குற?"

"கைய விடு செல்லம்மா."

அதிகாரி தொட்டித் தண்ணீரில் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தார். மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. தாயம்மா பொதியை இறக்கிப் பிரித்தாள். புகையும் செராய் எண்ணெயும் கலந்த மணம் எழுந்தது. அதிகாரி குனிந்து ஓலை விளிம்புகளைப் பார்த்தார். ஒரு துளைகூட இல்லை. அவர் முகம் மலர்ந்தது. தொடவில்லை. துண்டுத்தாளை எடுத்துக்கொண்டு கிராணியிடம் இங்கிலீஷில் கேட்டார். கிராணி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தார். கோவில் ஏடு, தம் மேற்பார்வையில் இருப்பது, வைத்திருந்த சாமியார் குடும்பம் இல்லாதவர், இப்போது இங்கே இல்லை. இவள் கோவில் கூட்டுகிறவள்.

அதிகாரி எழுதினார். பிறகு ஓலைகளின் நடுவில் செருகியிருந்த குச்சியையும் சுற்றாமல் தனியே கிடந்த கயிற்றையும் பார்த்தார். இது ஏன் கட்டாமல் இருக்கிறது என்று கேட்டார். கிராணி அதற்குப் பதில் தயாரித்திருக்கவில்லை. எலி, அவசரம் என்று ஏதோ சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

அப்போது தாயம்மா மலாயில் பேசினாள். "துவான், பாதி படிக்கும்போது படிக்கிறவரை லாரியில் ஏற்றிவிட்டார்கள். முடிக்காமல் கட்டக் கூடாது. அதனால் கட்டவில்லை."

கிராணி திரும்பிச் சீறினார். "ஏய், வாய மூடு!"

அதிகாரி கையை உயர்த்தினார். கிராணி நின்றார். அதிகாரி அவளைப் பார்த்து அதே மலாயில் கேட்டார். "நீ யார்?"

"படித்தவரின் பெண்டாட்டி. இந்தத் தோட்டத்துக்கே தெரியும், கேட்டுப் பாருங்கள்."

அதிகாரி தாம் எழுதியதைப் படித்தார். குடும்பம் இல்லாதவர் என்று இருந்த வரியின் மேல் விரலை வைத்தார். கூட்டத்தைப் பார்த்து, இவள் அவன் மனைவியா என்று மலாயில் கேட்டார். செல்லம்மா சத்தமாகச் சொன்னாள். "ஆமா தொர! நாந்தான் கல்யாணத்துக்குச் சோறாக்குனேன்!" தமிழில்தான் சொன்னாள். அவள் தலையை ஆட்டிய வேகம் எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும். அவளைத் தொடர்ந்து எல்லாத் தலைகளும் ஆடின.

"அப்படியானால் குடும்பம் இல்லாதவர் என்று ஏன் அனுப்பினார்கள்?"

ஏடு வந்த வழியைத்தான் அவர் கேட்டார். அறுந்த இடத்தை எழுத வேண்டும். அதற்கு மேல் ஒரு விதவையின் வழக்கில் அவருக்கு அக்கறை இருந்திருக்காது. தாயம்மாவுக்கு அது தெரியும். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, சட்டையைப் பிடித்து நியாயம் கேட்கவில்லை. எடை மேசையில் ஷீட்டுக் கட்டை வைப்பதுபோல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"உங்கள் ஆபீஸ் குடும்பமில்லாத ஆளைக் கேட்டது. அப்படி ஓர் ஆள் இவர் வீட்டில் இருந்தான், இவர் பெண்டாட்டியின் தம்பி. அவனை மறைத்துவிட்டு என் புருஷனைக் காட்டினார். காப்புக் கட்டி ஏடு படிக்கிறவர் கோவிலில்தான் படுக்க வேண்டும், அதை வைத்துக் குடும்பம் இல்லை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னார். அன்றைக்கு உங்களுக்குப் பொய். இன்றைக்கு உங்கள் தாளிலும் அதே பொய்."

சந்திரன் கார்ச் சத்தம் கேட்டபோதே ரப்பர் காட்டுக்குள் ஓடியிருந்தான். கிராணிக்கு ஓட நேரமில்லை. தோட்டத்தில் அத்தனை வருடம் யாரிடமும் பேசாத குரலில் அவர் தமிழில் சொன்னார். "தாயம்மா, ஒன்னக் கும்புடுறேன். கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்லும்மா. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு. முனியாண்டியக் கூட்டியாறேன், சத்தியமா கூட்டியாறேன்."

"எங்கேர்ந்துய்யா கூட்டியாருவீங்க?" என்றாள் தாயம்மா. "லோபாக்குப் போயிட்டுத்தான் வந்தேன்."

கிராணி கும்பிட்ட கையைக் கீழே இறக்கினார்.

அதிகாரி கடைசியாக ஒரு சொல் கேட்டார். "பெத்துல்?" உண்மையா? அவள் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் கிராணி அன்று வீட்டுக்குப் போயிருப்பார். அவருடைய பெண்டாட்டி நீலாவதி கூட்டத்தின் ஓரத்தில், கைப்பிள்ளையோடு, தாயம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாயம்மா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பெத்துல்."

அதிகாரி சத்தம் போடவில்லை. முதல் தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் எழுதினார். இது முனியாண்டியின் ஏடு. படிப்பு பாதியில் நின்றது என்று எழுதி, கொஞ்சம் தயங்கி, நிறுத்தியது தம் அலுவலகமே என்பதையும் எழுதினார். எழுதியதை மலாயில் அவளுக்குச் சொன்னார். பிறகு தலையைத் திருப்பாமலேயே கூட வந்திருந்த சிப்பாயிடம் இரண்டு வார்த்தை சொன்னார். முகாமுக்குக் கணக்கு எழுத ஓர் ஆள் கேட்டிருந்தார்கள். கிராணியை வேட்டி சட்டையோடு அப்படியே காரில் ஏற்றினார்கள். கார் எல்லைக்கல்லைத் தாண்டும்வரை அவர் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஏடு அவர் பக்கத்தில், வெள்ளைத் துணியில் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு செல்லம்மா மட்டும் நின்றாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஏட்டக் குடுத்துட்டியேடி. இனிமே அம்மாவுக்கு எதப் படிக்கிறது?"

"அம்மாளுக்கு அது வேண்டியதில்ல. அடுத்த நாளு கதயத்தான் இன்னிக்கிப் பாத்தாளே."

அன்று மாலையே ஆற்றங்கரையில் உட்கார்ந்து தாலியைக் கழற்றினாள். அந்த வருட ஆடியில் ஏடு இல்லாமலே மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தோட்டத்தின் காப்பை அவிழ்த்தார்கள். லெட்சுமியின் கல்யாணம் நடந்தது. அம்மனின் சொத்தைப் பழிக்கு விலையாகக் கொடுத்தவள் என்று சில பெரியவர்கள் தாயம்மா கையால் திருநீறு வாங்குவதில்லை. அவள் அதற்காக வருத்தப்பட்டதாக யாரும் பார்க்கவில்லை.

இராஜமாணிக்கம் கிராணி திரும்பவில்லை. எங்கே செத்தார் என்று சொல்ல ஆம்புரோஸ் போல ஒருவன்கூட வரவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் மறுபடி வந்து, புதிய கிராணிக்காகப் பெரிய வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, நீலாவதி பிள்ளையோடு லயத்துக்கு இறங்கினாள். பால்மரம் வெட்டி அவளுக்குப் பழக்கமில்லை. புகைக்கொட்டகையில் போட்டார்கள்.

இரண்டு பெண்களும் ஒரே கொட்டகையில் வருடக்கணக்காக வேலை செய்தார்கள். கழியின் ஒரு முனையை ஒருத்தி தூக்கினால் மறுமுனையை மற்றவள் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கினார்கள். ஆரம்பத்தில் நீலாவதிக்கு நெருப்பை அடக்கத் தெரியாது. தீ எழும்போது தாயம்மா எழுந்து வந்து விறகை இழுத்துவிட்டுப் போவாள். நீலாவதி பலதடவை பேசிப் பார்த்தாள். அக்கா என்று கூப்பிட்டாள். ஒரு நாள் புகையில் இருமிக்கொண்டே அழுதாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுக்கா. எந்தம்பிய அனுப்பாதீங்கன்னு அன்னிக்கி அவரு கால்ல விழுந்தது மட்டுந்தான். உங்க வீட்டுக்காரரக் காட்டுவாருன்னு சாமி சத்தியமா தெரியாது."

தாயம்மா கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

செல்லம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அவ என்னடி பாவம் பண்ணுனா? அவளும் ஒன்ன மாதிரி அறுத்தவதான. ஒரு வார்த்த பேசுனா ஒன் வாய் முத்தா உதுந்துரும்?"

"அவமேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"அவகூடப் பேச ஆரம்பிச்சா, அவ அழுவா. நானும் அழுவேன். அப்பறம் அவ புருசனயும் சேத்து மன்னிச்சு விட்டுருவேன்," என்றாள் தாயம்மா. "விட மாட்டேன்."

நீலாவதியின் மகன் வளர்ந்து லோபாக்கில் வீடெடுத்துத் தாயைக் கூட்டிப்போன நாளில், அவள் புகைக்கொட்டகை வாசலில் வந்து நின்று போய்வருகிறேன் என்றாள். தாயம்மா உள்ளே பரணுக்கடியில் குனிந்து விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். நீலாவதியை முகத்துக்கு நேராகப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த கட்டையை எடுத்தாள்.